கோழிக்குப் போட்ட ஊசி குழந்தைக்கு வேண்டாமா?



போன வருடம் ஆடிப் பதினெட்டுக்கு நாங்கள் குடும்பத்தோடு மோகனூரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். காவிரியில் முளைப்பாலிகை விட்டுவிட்டு வந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தோம். நான்தான் பரிமாறினேன். அண்ணனுக்குக் குனிந்து ரசம் ஊற்றும்போது, காதுக்குக் கீழே வலது பக்கம் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு கண்ணில் பட்டது.

"என்னங்கண்ணா இது, கழுத்துல?"

"அதா? ஒரு மாசமா இருக்குது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சவரம் பண்றப்பக் கையில தட்டுப்படும், அவ்வளவுதான்."

வலி இல்லை என்றதும் எனக்கும் நிம்மதியாகிவிட்டது. "சூட்டுக் கட்டியா இருக்குமுங்க அண்ணி. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போடுங்க, வத்திப் போயிரும்" என்று பெரிய வைத்தியச்சி மாதிரி யோசனை சொன்னேன். அண்ணியும் நம்பிச் செய்தார்கள். அந்தப் பற்று இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டது. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கு அந்த இரண்டு மாதம்தான் காரணம். என்னைப் போல் நல்லெண்ணத்தோடு தவறான யோசனை சொல்லும் தங்கைகளும் நாத்தனார்களும் எல்லா வீட்டிலும் இருப்பார்கள் அல்லவா?

வலிக்காத கட்டிதான் பொல்லாதது

அண்ணனுக்கு வயது 52. பத்தாயிரம் முட்டைக் கோழி வைத்துப் பண்ணை நடத்துகிறார். பீடி, சிகரெட் தொட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் வெற்றிலை போடாதவரைக் காண்பது அரிது. அண்ணன் அதையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவாரே தவிரப் போட மாட்டார். அப்படிப்பட்டவருக்கு என்ன வரப்போகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

புரட்டாசி கழிந்தது. கட்டி எலுமிச்சங்காய் ஆனது. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். ஐந்து நாளுக்கு மாத்திரை, பிறகு இன்னொரு ஐந்து நாளுக்கு. கரையவில்லை. தீபாவளி முடிந்த மறுவாரம் சேலத்துக்குப் போய்க் காது மூக்கு தொண்டை டாக்டர் அம்மாவிடம் காட்டினோம். அவர் கழுத்தை மேலாகத் தடவிப் பார்த்ததோடு விடவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, விளக்குப் போட்டு, நாக்கின் வேர்ப்பகுதியையும் உள்நாக்குக்கு இரு பக்கமும் இருக்கும் டான்சில் சதையையும் பார்த்தார். வலது டான்சில் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்ததாம். கழுத்துக் கட்டியிலிருந்து ஊசியால் நீர் எடுத்தார்கள். பிறகு டான்சிலிலிருந்து ஒரு துணுக்குச் சதை.

பத்து நாளில் முடிவு வந்தது. டான்சிலில் தொடங்கிய புற்றுநோய், கழுத்தில் இருக்கும் நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கிறது. அந்தச் சதையில் எச்.பி.வி. என்ற வைரஸின் அடையாளமும் இருந்தது.

"வைரஸா? வைரஸ்னா சளி, காய்ச்சல்தானுங்களே வரும்? புத்துநோய் எப்படிங்க வரும்?" என்று அண்ணி கேட்டார்கள். டாக்டர் அம்மா நிதானமாகப் பதில் சொன்னார். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்கே புரிகிற மாதிரி அவர் சொன்னதையும், பிறகு நானாகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

வைரஸ் எப்படிப் புற்றுநோய் ஆகிறது?

எச்.பி.வி. என்பது ஒன்றல்ல; இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெரிய குடும்பம். கையில் காலில் வரும் மருவுக்குக் காரணமானவை இதில் சில. அவற்றால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் 16, 18 என்று எண் கொடுத்திருக்கும் வகைகள் பொல்லாதவை. பெண்களின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இவற்றால்தான் வருகிறது என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் ட்ஸூர் ஹவுஸன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். 1983-ல் அவருடைய குழு 16-ஆம் வகையைப் புற்றுநோய்ச் சதையிலிருந்து பிரித்துக் காட்டியது. முதலில் பலர் நம்பவில்லையாம். 2008-ல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது.

நம் உடம்பில் ஒவ்வொரு அணுவும் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளக் காவல்காரர்கள் மாதிரி சில புரதங்கள் இருக்கின்றன. இந்த வைரஸ் அணுவுக்குள் நுழைந்து, தானும் இரண்டு புரதங்களைச் செய்கிறது. அவை அந்தக் காவல்காரர்களைச் செயல்படாமல் கட்டிப்போட்டு விடுகின்றன. காவல் இல்லாத தோட்டத்தில் களை மண்டுகிற மாதிரி அணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகுகின்றன. இது ஒரு நாளில் நடப்பதில்லை. வைரஸ் புகுந்து பத்து, இருபது வருடம்கூட ஆகலாம்.

டான்சில் சதையைத் தேடி அது ஏன் போகிறது? டான்சில் வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் பொந்து பொந்தாக மடிப்புகள் இருக்கின்றன. அந்த மடிப்புக்குள் வைரஸ் வருடக்கணக்கில் ஒளிந்திருக்க முடிகிறது. நாக்கின் வேரும் அப்படித்தான். ஆகவே இந்த வைரஸால் வரும் புற்றுநோய் கன்னத்திலோ ஈறிலோ வருவதைவிடத் தொண்டையின் பின்பக்கம்தான் அதிகம் வருகிறது. புண் வெளியே தெரியாது. முதலில் தெரிவதே பெரும்பாலும் கழுத்துக் கட்டிதான். அதுவும் வலிக்காது.

அமெரிக்காவில் இப்போது தொண்டையின் பின்பகுதியில் வரும் புற்றுநோய்களில் சுமார் 70 சதவிகிதம் இந்த வைரஸால்தான் என்கிறார்கள். நம் நாட்டில் அந்தப் பங்கு அதைவிடக் குறைவு. ஏன் குறைவு என்பதற்குப் பிறகு வருகிறேன். அதில்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே வந்தது.

தனித் தட்டு

"வைரஸாம்" என்ற சொல் எங்கள் ஊருக்குள் பரவிய வேகத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த வாரமே பண்ணைக்கு வரும் பெண்கள் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. அண்ணன் பேரனைக் கொஞ்ச வந்தால் மருமகள் ஏதோ சாக்குச் சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணி பேசாமல் ஒரு தட்டையும் டம்ளரையும் எடுத்துத் தனியாக வைத்தார்கள். நான் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

அண்ணன் அந்தத் தட்டைப் பார்த்தார். சாப்பிடாமல் எழுந்து கோழிக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானே டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "புற்றுநோய் தொத்து வியாதி கிடையாதம்மா" என்று அடித்துச் சொன்னார். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே படுக்கையில் படுப்பதாலோ, குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவதாலோ யாருக்கும் இந்தப் புற்றுநோய் வராது. எச்.பி.வி. வைரஸ் பரவுவது தாம்பத்திய உறவின் நெருக்கத்தில். அதில் வாய்வழி நெருக்கமும் அடங்கும். மணமானவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் வந்து போயிருக்குமாம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஓரிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். யாரோ சிலருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியவர்களிலும் சிலருக்குத்தான் புற்றுநோய் ஆகிறது.

இதைக் கேட்டதும் அண்ணியின் முகம் வேறு மாதிரி ஆனது. வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படீன்னா உங்கண்ணன்... இல்லைன்னா எங்கிட்ட இருந்தா..." என்று முடிக்க முடியாமல் அழுதார்கள். முப்பது வருடம் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு ரிசல்ட் காகிதம் கேள்வி கேட்பது போல் இருந்தது அவர்களுக்கு.

நான் மறுபடி உள்ளே போய் டாக்டர் அம்மாவையே அழைத்து வந்தேன். அவர் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "இது எப்ப வந்தது, யாருகிட்ட இருந்து வந்ததுன்னு உலகத்துல எந்தப் பரிசோதனையும் சொல்லாதம்மா. இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தியே வந்து தூங்கிக்கிட்டு இருந்திருக்கலாம். இதுல குத்தவாளி யாரும் இல்லை. உங்களுக்கும் பயம் வேண்டாம். ஆனா முப்பது வயசுக்கு மேல எல்லாப் பெண்களும் பண்ணிக்க வேண்டிய கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை நீங்களும் பண்ணிக்குங்க."

அன்று இரவு அண்ணி அந்தத் தனித் தட்டைப் பழைய அடுக்கிலேயே கலந்து வைத்தார்கள். சகோதரிகளே, யார் வீட்டிலாவது இந்த வியாதி வந்தால் தயவு செய்து தட்டைப் பிரிக்காதீர்கள். நோயைவிட அந்தத் தட்டுதான் அண்ணனை அதிகம் வாட்டியது என்று பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்.

கோழி மேல் விழுந்த பழி

இதற்கிடையில் வேறொரு வதந்தி. கோழிப் பண்ணையிலிருந்துதான் அண்ணனுக்கு வைரஸ் ஒட்டிக்கொண்டது என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோழிக்கும் வைரஸால் புற்றுநோய் வருவது நிஜம்தான். வைரஸால் புற்று வரும் என்பதை உலகத்துக்கு முதலில் காட்டிக் கொடுத்ததில் கோழிக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் பேட்டன் ரௌஸ் என்பவர் 1911-ல், ஒரு கோழியின் கட்டியை அரைத்து, அணுக்கள் புக முடியாத நுண் வடிகட்டியில் வடித்த சாற்றை வேறு கோழிக்குச் செலுத்தி அதற்கும் கட்டி வருவதைக் காட்டினார். அதற்கான நோபல் பரிசு 55 வருடம் கழித்து, 1966-ல்தான் அவருக்கு வந்தது. அப்போது அவருக்கு 87 வயது!

நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருக்கிறவர்களுக்கு 'மேரெக்ஸ்' என்ற பெயர் தெரிந்திருக்கும். கோழிக்குக் காலை இழுத்து முடக்கி, உள்ளுறுப்பில் கட்டி கட்டியாக வரவைக்கும் வியாதி. 1907-ல் ஹங்கேரி நாட்டு யோசெஃப் மாரெக் என்பவர் முதலில் எழுதி வைத்ததால் அந்தப் பெயர். அதுவும் ஒரு வைரஸால் வரும் புற்றுதான். 1970-ஐ ஒட்டி அதற்குத் தடுப்பூசி வந்துவிட்டது. எந்த உயிரினத்துக்கானாலும் சரி, புற்றுநோய்க்கு எதிராகப் பரவலாகப் பயன்பட்ட முதல் தடுப்பூசி அதுதான். இன்றைக்கும் குஞ்சு பொரிப்பகத்தில் ஒரு நாள் குஞ்சாக இருக்கும்போதே கழுத்துத் தோலுக்கு அடியில் அந்த ஊசியைப் போட்டுத்தான் பண்ணைக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால் மேரெக்ஸ் வைரஸ் மனிதருக்கு நோய் தருவதில்லை. கோழி வளர்ப்பதாலோ, முட்டை, கறி சாப்பிடுவதாலோ அண்ணனுக்கு வந்த நோய் வராது. எச்.பி.வி.யோ மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே போவது. வீணாகக் கோழி மேல் பழி போட வேண்டாம்.

இன்னொரு வைரஸையும் சொல்லிவிடுகிறேன். எப்ஸ்டைன்-பார் வைரஸ் என்று பெயர். மேரெக்ஸ் வைரஸுக்குத் தூரத்து உறவு. இரண்டும் ஹெர்பிஸ் வம்சம். 1964-ல் லண்டனில் எப்ஸ்டைன், அச்சாங், இவோன் பார் என்ற பெண்மணி ஆகிய மூவரும் கண்டுபிடித்தது. உலகத்தில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸ் உடம்பில் சும்மா குடியிருக்கிறது. தெற்குச் சீனாவிலும், நம் நாட்டில் நாகாலாந்து போன்ற வடகிழக்கு மாநிலங்களிலும் மூக்கின் பின்பக்கத் தொண்டையில் இது புற்றாக மாறுவது அதிகம். பரம்பரையும், உப்பிட்டுப் பதப்படுத்திய மீன் போன்ற உணவும் அதற்குத் துணை போகின்றன. நம் தமிழ்நாட்டில் அந்த வகை குறைவு. ஆனாலும் ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்துக்கொண்டே இருப்பது, மூக்கில் அடிக்கடி ரத்தம் வருவது, கூடவே கழுத்தில் கட்டி என்றால் உடனே காட்ட வேண்டும்.

அத்தை போட்ட கணக்கு

இப்போது எங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். என் மாமியாருக்குப் பிறந்த வீடு பரமத்தி வேலூர். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் வளர்ந்தவர். 72 வயதிலும் இடுப்பில் சுருக்குப்பை இல்லாமல் பார்க்க முடியாது. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை.

அண்ணனுக்கு வந்தது வைரஸால் என்று கேட்டதும் அத்தைக்கு ஒரே தெம்பு. "பாத்தியா அம்மிணி! வெத்தலையே தொடாத உங்கண்ணனுக்கு வந்துச்சு. அம்பது வருசமா மெல்லறேன், எனக்கு என்ன வந்துச்சு? எல்லாம் வைரஸு. வெத்தலை மேல சும்மா பழி போடறீங்க!"

கேட்பதற்குச் சரியான கணக்கு மாதிரி இருந்தது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கணக்கு தப்பு. ஒரு வீட்டுக்குத் திருடன் கொல்லைப்புறமாக வந்தான் என்பதற்காக நாம் வாசல் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவோமா?

நம் நாட்டில் வரும் எல்லாப் புற்றுநோய்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய், தொண்டை, குரல்வளை என்று தலை கழுத்துப் பகுதியில் வருகிறது. அதில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் புகையிலையும் பாக்கும் மதுவும்தான். இந்தக் காரணங்கள் இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் வைரஸின் பங்கு இங்கே சிறிதாகத் தெரிகிறது. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு வெற்றிலை போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. பாவம், வெற்றிலை என்னவோ மங்கலப் பொருள்தான். அதில் மடித்து வைக்கும் பாக்கும் புகையிலையும்தான் வினை. சுண்ணாம்பு வாயின் உள்தோலை அரித்து அவற்றுக்கு வழி செய்து கொடுக்கிறது. பாக்கை மட்டுமே மென்றுகொண்டிருந்தால்கூட நாளாவட்டத்தில் வாய்த்தோல் கெட்டியாகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும். கடைகளில் பொட்டலம் பொட்டலமாகத் தொங்கிய குட்காவைத் தமிழக அரசு 2013-ல் தடை செய்ததும் இதனால்தான்.

டாக்டர் அம்மாவிடம் இந்தச் சண்டையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "பாட்டியை ஒரு நாள் சும்மா கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். 'உங்களுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லட்டும்' என்று ஆசை காட்டித்தான் அத்தையை அழைத்துப் போனேன். இடது கன்னத்தின் உட்புறம், எப்போதும் வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் அதே இடத்தில், அழித்தாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டால் அந்தப் பக்கம் திரும்பக் கூடியது. புகையிலையையும் பாக்கையும் இன்றோடு விட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும் என்றார்கள்.

பஸ்ஸில் வரும்போது அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுருக்குப்பையிலிருந்த புகையிலையை எடுத்துக் குப்பையில் போட்டார். பாக்குக்குப் பதில் இப்போது கிராம்பும் சோம்பும் வைத்திருக்கிறார். என்றைக்காவது மறந்தாற்போல் பாக்கு வாசனை வருகிறது. கேட்டால் "சோம்புதான்" என்கிறார். விடுகிற வரை விடமாட்டேன் என்று நானும் மோப்பம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் 1996-லிருந்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேரை வைத்து, ஒரு பகுதியில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கருவி எதுவும் இல்லை, கண்ணும் வெளிச்சமும்தான். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் முடிவு வெளியானது. நம் வீட்டுப் பெரியவர்களின் வாயை வெயில் வெளிச்சத்தில் நாமே பார்க்கலாமே!

ஏழு வாரம்

அண்ணனுக்கு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 35 தடவை கதிர் சிகிச்சை. கூடவே வாரம் ஒரு நாள் மருந்து ஏற்றினார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கை கொடுத்தது. கதிர் வைக்குமுன் பல் டாக்டரிடம் காட்டிச் சொத்தைப் பல்லையெல்லாம் சரி செய்யச் சொன்னார்கள். இதை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து வாயெல்லாம் புண். எச்சில் வற்றிப் போனது. உப்பு, புளி, காரம் எதுவும் ஆகாது. பொங்கல் அன்று வீடே சர்க்கரைப் பொங்கல் சாப்பிட, அண்ணனுக்கு மட்டும் ஆற வைத்த ராகிக் கஞ்சி. அண்ணி குழையக் குழைய வெந்த சாதத்தை மோரில் கரைத்தும், சொந்தப் பண்ணை முட்டையைப் பாலில் அடித்துக் காய்ச்சியும் எடை குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். உப்பும் சோடா மாவும் கலந்த வெந்நீரால் அடிக்கடி வாய் கொப்பளிக்க வைத்தார்கள்.

ஒரு நல்ல சேதியும் இருந்தது. வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய், புகையிலையால் வருவதைவிடச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். அண்ணன் புகை பிடிக்காதவர் என்பதும் பெரிய பலமாம். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. இன்னும் ஐந்து வருடம் தவறாமல் போய்க் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். குரல் கொஞ்சம் கரகரக்கிறது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போவதில்லை. ஆனால் பேரன் மடியில் இருக்கிறான்.

இந்த மாதிரிச் சமயத்தில் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை வைராக்கியமாக மாற்றி, 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கி வைத்தது அது. 2021-ல் காலமான டாக்டர் சாந்தா அம்மையார் 1955-லிருந்து தம் வாழ்க்கை முழுவதையும் அங்கேயே கொடுத்தார். புற்றுநோய் என்றாலே முடிந்தது என்ற எண்ணத்தை மாற்ற நம் பெண்கள்தான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்!

மகளுக்கு ஊசி

என் மகளுக்கு 13 வயது. எச்.பி.வி.க்குத் தடுப்பூசி இருக்கிறது என்று டாக்டர் அம்மா சொன்னார். 2006-லேயே வெளிநாட்டில் வந்துவிட்டது. 2023-லிருந்து புனேயில் தயாராகும் நம் நாட்டு ஊசியும் கிடைக்கிறது. 9 வயது முதல் 14 வயதுக்குள் போடுவது உத்தமம். ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை. ஒரு தடவை போட்டாலே போதும் என்று முடிவு செய்து கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நாடுகளுக்குச் சொல்லியிருக்கிறது. முக்கியமாகக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கத்தான் இந்த ஊசி. தொண்டையில் அந்த வைரஸ் தங்குவதையும் இது குறைக்கிறது. 2020-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை தலை கழுத்துப் புற்றுநோய்த் தடுப்புக்கும் இதை அனுமதித்திருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம்.

வீட்டில் சொன்னதும் அத்தை எதிர்த்தார். "வயசுக்கு வந்த புள்ளைக்கு இந்த ஊசியெல்லாம் எதுக்கு? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா என்ன சொல்லுவ?" என் வீட்டுக்காரரும் "கொஞ்சம் பொறுத்துப் போடலாமே" என்று இழுத்தார்.

அன்றைக்கு அண்ணன் வந்திருந்தார். கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னார்: "ஏனுங் அத்தை, நம்ம பண்ணையில கோழிக்குஞ்சுக்குப் பொரிச்ச அன்னைக்கே ஊசி போட்டுத்தான் அனுப்பறாங்க. வியாதி வந்து கால் இழுத்துக்கிட்ட பொறகு போட்டா ஆகுமுங்களா? முட்டைக்கு மூணு காசு லாபம் பாக்கற கோழிக்கே யோசிக்காமப் போடறோம். நம்ம குழந்தைக்கு யோசிக்கிறோமுங்களே?"

அத்தை சற்று நேரம் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதிர் பட்டுக் கறுத்த தோல் இன்னும் மாறவில்லை. "போட்டுட்டு வா கண்ணு" என்றார் பேத்தியைப் பார்த்து.

முதல் ஊசி போட்டாயிற்று. கை இரண்டு நாள் வலித்தது, அவ்வளவுதான். மகனுக்கு 11 வயது. அடுத்து அவன் முறை. தமிழக அரசும் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசியைப் போடப் போவதாக 2025-ஆம் வருட நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் ஊரில் எப்போது, எங்கே என்று கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். ஊசி வருமுன் காப்பதுதான். வந்த நோயைக் குணப்படுத்தாது. ஊசி போட்டுக்கொண்டவர்களும் முப்பது வயதுக்குமேல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை விடக் கூடாது.

கண்ணில் பட்டால் தள்ளிப் போடாதீர்கள்

* கழுத்தில் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் கரையாத கட்டி, வலி இல்லாவிட்டாலும்.
* மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு.
* விழுங்கச் சிரமம்; ஒரு பக்கத் தொண்டை வலி; அதே பக்கம் காதுக்குள் குத்தல்.
* மூன்று வாரத்துக்கு மேல் மாறாத குரல் கரகரப்பு.
* வாயை முன்போல் முழுதும் திறக்க முடியாமை.

இவை எல்லாமே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சாதாரண விஷயமாகவே இருக்கும். அதை டாக்டர் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

என் சமையலறையில் மஞ்சளும் இருக்கிறது, அத்தையின் சுண்ணாம்பு டப்பியும் இருக்கிறது. வெட்டுக்காயத்துக்கு இன்றைக்கும் மஞ்சள் வைக்கிறேன். ஆனால் யாராவது "கழுத்துல ஒரு கட்டிங்க" என்றால் இப்போதெல்லாம் என் வாயில் ஒரே ஒரு யோசனைதான் வருகிறது: "வாங்க, நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கே போயிரலாம். நானும் கூட வர்றேன்."